ஒரு டம்ளர் என்றால் எத்தனை கிராம்?

ஆறாம் வகுப்பில் ‘அளவீடுகள்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேசையில் மில்லிலிட்டர் கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஒரு பாத்திரத்தில் அரிசியும் இருந்தன. “தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மதிய உணவுக்கு 100 கிராம் அரிசி. அதை அளந்து காட்டுங்கள், பார்க்கலாம்” என்றேன். ஒரு மாணவி எழுந்து வந்து, குவளையில் 100 என்று போட்டிருந்த கோடு வரை அரிசியை நிரப்பி, “இதோ 100 கிராம், டீச்சர்” என்றாள். வகுப்பில் யாரும் மறுக்கவில்லை. “அது 100 மில்லிலிட்டர் கோடு ஆயிற்றே?” என்று கேட்டேன். “இரண்டும் ஒன்றுதானே டீச்சர்? ஒரு லிட்டர்னா ஒரு கிலோ” என்றது பின்வரிசை.

தராசில் வைத்தோம். 82 கிராம்தான் இருந்தது.

18 கிராம் சின்ன வேறுபாடுதானே என்று தோன்றலாம். அறுபது பிள்ளைகளுக்குக் கணக்கிட்டுப் பார்க்கச் சொன்னேன். 6 கிலோ வேண்டிய இடத்தில் 4 கிலோ 920 கிராம்தான் இருக்கும். குறைவது 1 கிலோ 80 கிராம். அதாவது, பத்துப் பிள்ளைகளுக்கு மேற்பட்டோரின் சோறு. வகுப்பு அமைதியானது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். தவறான அளவினால் வரிசையின் கடைசியில் நிற்பவருக்குச் சோறு குறையும் என்பது அன்றுதான் புரிந்தது.

‘ஒரு லிட்டர், ஒரு கிலோ’ எங்கிருந்து வந்தது?

மாணவர்களின் விடை அறியாமையால் வந்தது அன்று; பாதி அறிந்ததால் வந்தது. 1795இல் பிரான்சில் மெட்ரிக் அளவுமுறையை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறையையே ஒரு கிராம் என்று வைத்தார்கள். அதனால்தான் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் இருக்கிறது. இந்தப் பொருத்தம் தண்ணீருக்கு உரியது. மற்றப் பொருள்களுக்கு அப்படியே பொருந்தாது.

இதைக் காட்ட ஆய்வகம் தேவையில்லை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டை எடுத்து அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். ‘1 லிட்டர்’ என்பதுடன் ‘910 கிராம்’ என்றும் பெரும்பாலான பாக்கெட்டுகளில் இருக்கும். எண்ணெய் தண்ணீரில் மிதப்பதை ஏற்கெனவே பார்த்திருக்கும் மாணவர்களுக்கு, அந்த 910 என்ற எண்ணின் பொருள் சட்டென்று விளங்கும்.

(பாடநூல் ‘நிறை’, ‘எடை’ இரண்டையும் வேறுபடுத்துகிறது. கடையிலும் சமையலறையிலும் எடை என்றே சொல்கிறோம். இக்கட்டுரையிலும் அந்த அன்றாட வழக்கையே பின்பற்றுகிறேன். அறிவியல் வகுப்பில் ‘நிறை’ என்று திருத்திச் சொல்லிக்கொள்ளலாம்.)

தானியத்தில் இன்னொரு சிக்கல்

எண்ணெய், தண்ணீர் போன்றவை பாத்திரத்தை முழுவதுமாக நிரப்பும். அரிசி, பருப்பு, ரவை ஆகியவை அப்படி நிரப்புவதில்லை. ஒரு டம்ளர் அரிசி என்பது உண்மையில் அரிசியும் காற்றும் சேர்ந்தது.

அரிசிமணி தண்ணீரில் மூழ்குகிறது. எனவே அது தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆனால் 200 மி.லி. அரிசியின் எடை 200 கிராமைவிடக் குறைவு. மூழ்கும் பொருள் எப்படித் தண்ணீரைவிட எடை குறைவாக இருக்க முடியும்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். மாணவர்களே இடைவெளிக்கு வந்து சேர்வார்கள்.

பிறகு செய்து காட்டலாம். 200 மி.லி. டம்ளரில் அரிசியைத் தலைதட்டி நிரப்பி, அளந்து வைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வழியாமல் ஏறத்தாழ 80 முதல் 90 மி.லி. தண்ணீர் உள்ளே போகும். அவ்வளவு இடத்தில் காற்று இருந்திருக்கிறது. அடுத்து, அளவுஜாடியில் 100 மி.லி. தண்ணீர் எடுத்து அதில் 100 கிராம் அரிசியைப் போட்டால், நீர்மட்டம் ஏறத்தாழ 170க்கு உயரும். 100 கிராம் அரிசி தனக்கென எடுத்துக்கொள்ளும் இடம் 70 மி.லி.தான். அரிசி ஊறத் தொடங்கும் முன் அளவை எடுத்துவிட வேண்டும். சோதனை முடிந்த அரிசியைக் கழுவி உலைக்கு அனுப்பலாம்; வீணாக வேண்டியதில்லை.

ஆகவே அரிசிக்கு இரண்டு அடர்த்திகள் உள்ளன. ஒன்று, மணியின் அடர்த்தி. மற்றொன்று, இடைவெளியையும் சேர்த்த குவியலின் அடர்த்தி. சமையலறைக் கணக்குக்குத் தேவைப்படுவது இரண்டாவது. ‘எடை = கன அளவு × அடர்த்தி’ என்று ஏழாம் வகுப்பு அளவீட்டியலில் வரும் அதே வாய்பாடுதான்; ஆனால் எந்த அடர்த்தி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தராசு இல்லாமல் ஓர் அட்டவணை

பல பள்ளிகளில் துல்லியமான தராசு இருக்காது. அதற்காக இந்தப் பாடத்தை விட்டுவிட வேண்டாம். எடை அச்சிட்ட ஒரு கிலோ பாக்கெட்டே நமக்குத் தராசு. மூடிய பாக்கெட்டில் நிகர அளவை அச்சிட வேண்டும் என்பது சட்டம். எனவே அந்த ஒரு கிலோவை நம்பித் தொடங்கலாம்.

முதலில் ஒரு டம்ளரைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை மி.லி. கொள்ளும் என்று தண்ணீரால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. இந்தப் படியைத் தவிர்த்தால் எல்லாம் தவறும். பிறகு சர்க்கரை, உப்பு, ரவை என்று ஒவ்வொரு குழுவும் ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்து, சுத்தமான உலர்ந்த டம்ளரால் தலைதட்டி அளந்து, எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணட்டும். 1000ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு டம்ளரின் எடை கிடைக்கும்.

200 மி.லி. டம்ளராக இருந்தால் விடைகள் ஏறத்தாழ இப்படி அமையும்:

தூள் உப்பு: நான்கு டம்ளருக்குச் சற்று மேல். ஒரு டம்ளர் 230 முதல் 250 கிராம்.
சர்க்கரை: கிட்டத்தட்ட ஆறு டம்ளர். ஒரு டம்ளர் 165 முதல் 175 கிராம்.
அரிசி, துவரம் பருப்பு: ஆறு டம்ளரை ஒட்டி. ஒரு டம்ளர் 160 முதல் 170 கிராம்.
ரவை: ஏழு டம்ளர். ஒரு டம்ளர் 135 முதல் 145 கிராம்.
கோதுமை மாவு: எட்டு முதல் பத்து டம்ளர். ஒரு டம்ளர் 100 முதல் 125 கிராம்.

நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது. ஒரே ஒரு கிலோ இத்தனை விதமாக டம்ளர்களை நிரப்புவதைக் கண்ணால் பார்த்த மாணவர், ‘ஒரு டம்ளர் எத்தனை கிராம்?’ என்று கேட்டால் ‘எந்தப் பொருள்?’ என்று திருப்பிக் கேட்பார். இந்தப் பாடத்தின் முதல் வெற்றி அதுதான்.

மேலே உள்ள எண்களை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அரிசியின் இரகம், ரவையின் பருமன், மாவு அரைத்த விதம் ஆகியவற்றைப் பொறுத்து இவை மாறும். உங்கள் பள்ளியில் கிடைக்கும் எண்ணே உங்களுக்குச் சரியான எண்.

மாவு ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது?

அட்டவணையில் மாவுக்கு மட்டும் 100 முதல் 125 என்று பெரிய இடைவெளி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இது அளப்பவரின் பிழை அன்று, மாவின் இயல்பு. நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சலித்த மாவில் காற்று அதிகம். டப்பாவில் பல நாள் அமுங்கிக் கிடந்த மாவில் குறைவு.

மாவைச் சலித்து, கரண்டியால் மெதுவாக டம்ளரில் இட்டு, தலைதட்டி எடை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே டம்ளரை மேசையில் இருபது முறை தட்டினால் மட்டம் நன்றாக இறங்கிவிடும். குறைந்த இடத்தை நிரப்பி மீண்டும் எடை பார்த்தால் இருபது கிராமோ அதற்கு மேலோ கூடியிருக்கும். டம்ளர் அதேதான், மாவும் அதேதான். சர்க்கரையிலும் அரிசியிலும் இதே சோதனையைச் செய்தால் வேறுபாடு குறைவாகவே வரும். ஏன் என்று மாணவர்கள் எழுதட்டும்.

கடையில் மாவை லிட்டர் கணக்கில் விற்காமல் கிலோ கணக்கில் விற்பதற்கான காரணமும் இதிலிருந்தே விளங்கும். வண்டியில் குலுங்கி வந்த பாக்கெட்டில் மாவின் உயரம் குறைந்திருக்கும், எடை குறைந்திருக்காது.

தலைதட்டியா, குவித்தா?

நம் முன்னோர் தானியத்தைக் கன அளவால்தான் அளந்தார்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி என்று ஏறுவரிசையில் செல்லும் அளவுகள் அவை. பெரும்பாலும் இரட்டிப்பாக ஏறுவதால், இரண்டின் அடுக்குகளைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. எந்த மரக்கால் என்று சொன்னால்தான் அளவுக்குப் பொருள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றும், அது ‘இராசகேசரி’ என்னும் மரக்காலுக்குச் சமம் என்றும் பெயர் சொல்லியே குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அளவுகோலுக்குப் பெயரிட்டுத் தரப்படுத்தும் தேவையை உணர்ந்திருந்தார்கள். நாடு முழுமைக்கும் ஒரே மெட்ரிக் அளவு என்ற சட்டம் 1956இல் வந்தது. 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

பெயர் ஒன்றானாலும் அளக்கும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். குவித்து அளந்தால் எவ்வளவு கூடும்? பத்தாம் வகுப்பு அளவியலில் வரும் கூம்பு இங்கே உதவும். உலர்ந்த அரிசியைக் குவித்தால், குவியலின் உயரம் ஏறத்தாழ அடிப்பக்க ஆரத்தின் 0.7 மடங்கு வரை நிற்கும்.

7 செ.மீ. வாய்விட்டம் உள்ள 200 மி.லி. டம்ளரை எடுத்துக்கொள்வோம். ஆரம் 3.5 செ.மீ.; கூம்பின் உயரம் சுமார் 2.45 செ.மீ. கூம்பின் கன அளவு 1/3 × π × 3.5² × 2.45, அதாவது ஏறத்தாழ 31 மி.லி. டம்ளர் கொள்வதில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகிறது.

இப்போது அதே 200 மி.லி. கொள்ளும், ஆனால் 10 செ.மீ. வாய்விட்டமுள்ள தட்டையான கிண்ணம். ஆரம் 5 செ.மீ.; கூம்பின் உயரம் 3.5 செ.மீ. கன அளவு ஏறத்தாழ 92 மி.லி. கொள்ளளவில் பாதியை நெருங்கும் அளவு மேலே நிற்கிறது! கொள்ளளவு ஒன்றே, வாய் அகன்றதால் குவியல் மூன்று மடங்காகிவிட்டது. மாணவர்கள் கணக்கில் கண்டதை அரிசியைக் குவித்து, அளவுகோலால் உயரம் அளந்து சரிபார்க்கலாம்.

இந்தக் கணக்கு மிகவும் தேவைப்படும் இடம் தேக்கரண்டி. அது ஆழம் குறைந்தது, வாய் அகன்றது. தலைதட்டிய 5 மி.லி. தேக்கரண்டியில் தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உட்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காத நிலையில் வீட்டில் கலக்கும் கரைசலுக்கு, சுத்தமான 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் என்பது கணக்கு. இதில் ‘தலைதட்டிய’ என்ற சொல்லை விட்டுவிட்டு ஒருவர் உப்பைக் குவித்து அள்ளினால், குழந்தைக்குப் போகும் உப்பு இருமடங்காகிவிடக்கூடும். அது தீங்கானது. இந்த ஒரு சொல்லை மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோனாலே பாடம் பயன்பட்டதாகக் கொள்ளலாம்.

அப்படியானால் டம்ளர் தவறா?

இல்லை. இதை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லையெனில் வீட்டுக்குப் போய், ‘நீ அளக்கிறதெல்லாம் தப்பு’ என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லிவிடுவார்கள்.

இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்பவை விகிதங்கள். எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளக்கும்வரை, டம்ளர் பெரிதோ சிறிதோ விகிதம் மாறாது. தலைமுறைகளாக அந்தச் சமையல் தவறாமல் வருவதற்குக் காரணம் இதுதான். விகிதம் வேண்டிய இடத்தில் டம்ளர் போதும். ஊட்டச்சத்து, இருப்புக் கணக்கு, பலருக்குச் சமமாகப் பங்கிடுதல் ஆகியவற்றுக்கு எடை வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதே கற்றல் விளைவு.

மற்றொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். அளவு எப்போதும் சமைக்கும் முன், ஊறவைக்கும் முன் உள்ள உலர்ந்த பொருளுக்கு உரியது. 100 கிராம் அரிசி வெந்தபின் ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் சோறாகும். கூடியது தண்ணீரின் எடை. தட்டில் 100 கிராம் சோறு வைத்துவிட்டு 100 கிராம் அரிசி கொடுத்ததாக எண்ணிவிடக் கூடாது.

சத்துணவுக் கூடத்தோடு இணைத்தல்

தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம், உயர் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் அரிசி என்பது மாணவர்கள் தினமும் சாப்பிடும் கணக்கு. பாடநூலின் எந்த எண்ணையும்விட அவர்களுக்கு நெருக்கமானது. எனவே செயல்பாட்டின் கடைசிப் பகுதியை அங்கே நடத்தலாம்.

சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் முன்கூட்டியே பேசி, அடுப்பு மூட்டாத நேரத்தில் நான்கைந்து மாணவர்களோடு செல்லுங்கள். சரிபார்க்க வந்தவர்களாகச் செல்லக் கூடாது. கற்றுக்கொள்ள வந்தவர்களாகச் செல்ல வேண்டும். அன்றாடம் புழங்கும் பாத்திரத்தில் கைப்பழக்கமாக அளக்கும் சமையலரின் மதிப்பீடு தராசோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து மாணவர்கள் வியப்பார்கள். பல ஆண்டுகள் ஒரே பாத்திரம், ஒரே பொருள் என்று பழகிய கை அது. பாத்திரம் மாறும்போதோ பொருள் மாறும்போதோதான் அதற்கும் எண் தேவைப்படுகிறது. 820 கிராம் அரிசி கொள்ளும் ஒரு லிட்டர் டப்பாவில் ரவை ஏறத்தாழ 700 கிராம்தான் பிடிக்கும். அரிசிக் கணக்கிலேயே ரவையை அளந்தால் ஏழில் ஒரு பங்கு குறையும்.

அங்குள்ள அளவுப் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்து, ஒவ்வொரு பொருளையும் தலைதட்டி மூன்று முறை அளந்து, தராசில் எடை பார்த்து, சராசரியை எழுதச் சொல்லுங்கள். மூன்று முறையும் ஒரே எண் வராது. ஏன் வரவில்லை என்ற பேச்சே அளவீட்டுப் பிழை பற்றிய பாடம். கிடைத்த சராசரிகளை ‘நம் பள்ளி அளவு அட்டவணை’ என்று பெரிய எழுத்தில் எழுதி, எந்தப் பாத்திரம், எந்தத் தேதி, தலைதட்டி என்ற மூன்று விவரங்களையும் சேர்த்துச் சுவரில் ஒட்டலாம். தராசு இருக்கும் நாளில் தராசே முதன்மை. தராசு பழுதான நாளில் இந்த அட்டவணை கைகொடுக்கும். புதிய இரக அரிசி வந்தால் அடுத்த குழு அதை மீண்டும் அளந்து திருத்த வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அதே குவளையை எடுத்துக்கொண்டு அதே வகுப்புக்குப் போனேன். “இதில் 100 கிராம் எங்கே வரும்?” என்று கேட்டேன். முதல் நாள் 100 கோடு வரை நிரப்பிய அதே மாணவி எழுந்தாள். இந்த முறை குவளையைத் தொடவில்லை.

“எதுக்கு டீச்சர், அரிசிக்கா ரவைக்கா?”

“அரிசிக்கு.”

“தலைதட்டினா 120 கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆனா தராசுல ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்.”

100ஐ 0.82ஆல் வகுத்தால் 122. அவள் சொன்னது சரி. அதைவிட, தராசைக் கேட்டது மிகச் சரி.